குளத்துக்கு முகம் கழுவிய தோட்டக்காரர்

துள்ளிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. உட்காரச் சொன்னால் எழுந்து நிற்பாள். நிற்கச் சொன்னால் ஒற்றைக் காலில் நிற்பாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும் அது வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் அவள் துள்ளிதான்.

இந்தப் பெண்ணுக்குப் போய் விடுமுறையில் அவள் அம்மா கொடுத்த வேலையைக் கேளுங்கள். குளக்கரையில் அம்மாவின் தலைக்குமேல் குடையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும்.

அம்மா ஓவியம் வரைபவள். ஓர் அலுவலகத்தில் வேலை. சோப்பு டப்பாக்களின் மேல் பூ வரைந்து கொடுக்க வேண்டும். எல்லாப் பூவும் ஒரே மாதிரி சிரிக்க வேண்டும், அதுதான் அங்கே சட்டம். சிரிக்கிற பூக்களை வரைந்து வரைந்து அம்மாவுக்கு அலுத்துவிட்டது. அதனால்தான், புதிதாகக் கட்டிய வாசிப்பு அறைக்குக் குளத்துப் படம் ஒன்று பெரிதாக வேண்டும் என்று பொது நூலகத்தின் நூலகர் கேட்டதும், அலுவலகத்தில் விடுப்பு வாங்கிக்கொண்டு பூங்காவின் குளக்கரையில் போய் உட்கார்ந்துவிட்டாள். அம்மா வரைந்த படம் நாலு பேர் பார்க்கிற சுவரில் தொங்கப் போவது இதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை அறையைத் திறக்கிறார்கள். நூலகர் தினமும் போன் செய்து, "ஆணி அடிச்சாச்சும்மா, படம் எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டார். பேருந்து ஓட்டும் அப்பா வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம், "ஆணி காத்துக்கிட்டு இருக்கு" என்று அம்மாவைச் சீண்டிவிட்டுப் போவார். அம்மா சிரிக்க மாட்டாள். அவளுக்கு உள்ளூரப் பயம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அம்மா வரைகிற விதம் அப்படி. விடிந்ததும் போய் உட்காருவாள். வெயில் மரத்தைத் தாண்டி ஏறி, கரையில் விழுந்த நிழல் பின்வாங்கத் தொடங்கியதும், "போச்சு" என்று சொல்லித் தூரிகையைக் கீழே வைத்துவிடுவாள். அதற்குமேல் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டாள்.

"என்னம்மா போச்சு? குளம் அங்கேயேதானே இருக்கு?" என்று முதல் நாள் துள்ளி கேட்டாள்.

"குளம் இருக்கு. நான் வரைஞ்சிட்டிருந்த வெளிச்சம் போச்சு. இனிமே நாளைக்கு இந்நேரம்தான் வரும்."

அது மட்டுமா? அம்மாவின் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் குளமே தெரியாது. ஊதாத் திட்டு, மஞ்சள் திட்டு, நடுவில் கொஞ்சம் கறுப்பு, யாரோ பல் விளக்கித் துப்பிய மாதிரி வெள்ளை. துள்ளிகூட முதலில் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு ஒரு நாள் பின்பக்கமாக நடந்து விளையாடிக்கொண்டே போய்ப் புதரில் விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால், படத்தில் தண்ணீர் தளும்பியது. அல்லி இலைகள் மிதந்தன. மரக்கிளையின் நிழல் நடுங்கியது. முள் குத்தியதைக்கூட மறந்துவிட்டு, "அம்மா, இங்கேருந்து குளம் நிஜமாவே இருக்கு" என்று கத்தினாள்.

புதன்கிழமை வந்தபோது படத்தின் மேல்பாதி முடிந்திருந்தது. மரங்கள், கரை, தண்ணீருக்குமேல் குனிந்திருக்கும் கிளை எல்லாம் வந்துவிட்டன. தண்ணீரும் அல்லி இலைகளும்தான் அரைகுறையாக இருந்தன. இன்னும் இரண்டு காலைப்பொழுது கிடைத்தால் போதும் என்று அம்மா சொல்லிவிட்டுக் கை கழுவக் குழாயடிக்குப் போனாள்.

அப்போதுதான் பூங்காவின் தோட்டக்காரர் வந்தார். ஒல்லியான மனிதர். எப்போதும் விசிலடித்துக்கொண்டே வேலை செய்வார். வரைகிறவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று இத்தனை நாளும் தள்ளியே நின்றவர், அன்றைக்கு ஆசையை அடக்க முடியாமல் படத்தின்மேல் மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்தார்.

"பாப்பா, இந்தக் கறுப்பு என்னது?"

"தண்ணி, மாமா."

"இந்த மஞ்சள்?"

"அதுவும் தண்ணிதான்."

"அப்ப இந்த ஊதா?"

"அல்லி இலையோட நிழல்."

தோட்டக்காரரின் முகம் சுருங்கியது. படத்தைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்க மாமா என்று துள்ளி சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு தும்பி குடைக்கம்பியில் வந்து உட்கார்ந்தது. தும்பி வந்தால் துள்ளிக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் தோட்டக்காரர் போய்விட்டார். அன்று அவர் விசிலடிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை அம்மாவும் மகளும் பூங்காவுக்குள் நுழைந்தார்கள். அம்மா நடந்த வேகத்தில் கையிலிருந்த வண்ணப்பெட்டி கடகடவென்று ஆடியது. குளக்கரைக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்த துள்ளி அவள் முதுகில் மோதினாள்.

குளத்தில் ஓர் அல்லி இலைகூட இல்லை. பச்சைப் பாசி இல்லை. தண்ணீருக்குமேல் குனிந்திருந்த கிளையை அடியோடு வெட்டியிருந்தார்கள். கரைக் கற்களுக்கு வெள்ளை அடித்திருந்தது. தண்ணீர், துடைத்த கண்ணாடி மாதிரி வெறுமையாகக் கிடந்தது.

பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டையுடன் தோட்டக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"நேத்து உங்க படத்தைப் பார்த்தேன்மா" என்றார். "படம் பூரா கறுப்பும் திட்டுமா இருந்துச்சு. எனக்கு வெட்கமாப் போச்சு. என் குளம் அவ்வளவு அழுக்கா இருந்தா நீங்களும்தான் என்ன பண்ணுவீங்க? அதான் பூங்காவைப் பூட்டின கையோட தண்ணிக்குள்ள இறங்கிட்டேன். போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி பிள்ளைக்கு முகம் கழுவி விடறதில்லையா, அந்த மாதிரி."

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தோட்டக்காரரின் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம் இருந்ததைத் துள்ளி பார்த்தாள். அம்மாவும் பார்த்திருப்பாள், அதனால்தான் திட்டவில்லை.

"வீட்டுக்குப் போலாம்" என்றாள் அம்மா, ரொம்ப மெல்லிய குரலில்.

"ஏம்மா, நல்லா இல்லையா?" தோட்டக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது.

துள்ளிக்கு மனசு கேட்கவில்லை. "ரொம்பப் பளபளன்னு இருக்கு மாமா, அம்மாவுக்குக் கண்ணு கூசுது" என்று எதையோ சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். தெருத் திருப்பத்தில் அம்மா ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா படத்தை ஜன்னல் பக்கத்தில் நிறுத்தினாள். பார்த்ததை நினைத்துக்கொண்டு மீதித் தண்ணீரை வரைந்துவிடலாம் என்று நினைத்தாள். வரைந்தாள். அது தண்ணீராக வரவில்லை, கசங்கிய பச்சைத் துணியாக வந்தது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வரைந்தாள். அல்லி இலைகள் எல்லாம் சோப்பு டப்பாப் பூ மாதிரி சிரித்தன. அதையும் சுரண்டினாள். பிறகு அறைக்கும் அடுக்களைக்கும் இடையே நடக்கத் தொடங்கினாள். துள்ளி பின்னாலேயே நடந்தாள். ஒரு வீட்டில் ஒருத்தி நடந்தால் சரி, இரண்டு பேர் நடந்தால் மூன்றாவது ஆள் எங்கே உட்காருவது? வேலை முடிந்து வந்த அப்பா சுவரோரமாக ஒதுங்கி நின்று, போனில் குளத்தைப் படம் எடுத்து வைத்திருந்தால் உதவுமே என்றார். போனில் பார்த்தால் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும் என்று அம்மா எரிந்து விழுந்தாள்.

"கண்ணால பார்க்காம என்னால ஒரு புல்லைக்கூடப் போட முடியாது" என்றாள் பிறகு. "நாளைக்குக் காலையில நூலகத்துக்குப் போன் பண்ணி, படம் இல்லைன்னு சொல்லிடறேன். ஒரு காலண்டரை வாங்கி மாட்டிக்கட்டும்."

அப்பா ஆணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதிலிருந்தே நிலைமை எவ்வளவு மோசம் என்று துள்ளிக்குப் புரிந்துவிட்டது.

அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. சாயங்காலம் அப்பாவிடம் சொல்லிவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த பூங்காவுக்கு ஓடினாள். அவள் மனசில் ஒரு திட்டம் இருந்தது. பிடுங்கிப் போட்ட அல்லி இலைகள் எங்கேயாவது குவிந்து கிடக்கும். அவற்றை எடுத்து மறுபடி தண்ணீரில் போட்டுவிட்டால் குளம் பழையபடி ஆகிவிடாதா?

குவியல் கிடைத்தது. ஆனால் வெயிலில் கிடந்த இலைகள் எல்லாம் வதங்கிப் போயிருந்தன. அள்ளி அள்ளி வீசினாள். பாதி மூழ்கின, மீதி குப்புற மிதந்தன. பார்க்க யாரோ சாப்பிட்டுவிட்டுத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது.

"பாப்பா, குளத்துல குப்பை போடறியா?"

தோட்டக்காரர் கையில் நீளமான வலையோடு வந்து நின்றார். துள்ளி திருதிருவென்று விழித்தாள். அவருக்குக் கோபம் இல்லை. பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இலைகளை வலையால் வாரிக்கொண்டே பேசினார். சனிக்கிழமை நூலகத்துக்குத் தன் மனைவியையும் மனைவியின் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வரப் போகிறாராம். மனைவி இந்தப் பூங்காவுக்கு வந்ததே இல்லையாம். தோட்டக்காரர் குப்பை கூட்டுகிற வேலை பார்க்கிறார் என்றுதான் அந்த அண்ணன் எல்லோரிடமும் சொல்கிறாராம்.

"படத்துல என் குளம் பளிச்சுன்னு இருக்கறதை அவர் பார்க்கட்டும்" என்றார் தோட்டக்காரர்.

படம் முடியாவிட்டால் இவர் குடும்பத்தோடு வந்து வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அம்மா எப்படியோ பழைய குளத்தையே வரைந்து முடித்தாலும், இவர் சுத்தம் செய்த குளம் அதில் இருக்காது. எப்படிப் பார்த்தாலும் அவருக்கு அவமானம். சொல்லாமல் விட்டால் இன்னும் மோசம். ஒற்றைக் காலில் நின்றாள், மற்றக் காலுக்கு மாறினாள், பிறகு சொல்லிவிட்டாள்.

"மாமா, அம்மா வரைஞ்சது அழுக்கு இல்ல. அல்லி இலையும் கிளையோட நிழலும் அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். அதைத்தான் இத்தனை நாளா வரைஞ்சாங்க. கிட்ட நின்னு பார்த்தா திட்டாத்தான் தெரியும், தள்ளி நின்னு பார்க்கணும். நான் நேத்தே சொல்லியிருப்பேன், தும்பி வந்துடுச்சு. இப்ப அம்மாவால முடிக்க முடியல."

தோட்டக்காரர் வலையைக் கீழே வைத்தார். கரையில் உட்கார்ந்தார்.

"அப்ப நான்தான் கெடுத்தேனா?"

பொய் சொல்லத் துள்ளிக்கு ஆசையாகத்தான் இருந்தது. "ஆமா மாமா" என்றாள். "ஆனா வேணும்னு செய்யலையே. நான் சொன்னேன்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

அவர் எழுந்து தலையைக் குனிந்தபடி போய்விட்டார். துள்ளி மட்டும் அங்கேயே நின்றாள். அழுகை வரும்போல இருந்தது. குளத்தை முறைத்தாள். எல்லாம் இந்தக் குளத்தால் வந்தது.

முறைத்துக்கொண்டே இருந்தவள் ஒன்றைக் கவனித்தாள். தண்ணீரில் ஒரு மேகம் போய்க்கொண்டிருந்தது. முன்பெல்லாம் இந்தக் குளத்தில் மேகம் தெரிந்ததே இல்லை. இலைகள்தான் மூடிக் கிடக்கும். இப்போது குளம் முழுக்க வானம். மேகம் மஞ்சளாக இருந்தது. அவள் பார்க்கப் பார்க்கவே ரோஜா நிறமாயிற்று. காற்று ஒரு வீச்சு வீசியதும் எல்லாம் கலைந்து சுருக்கம் சுருக்கமாக ஓடி, சேர்ந்து, சாம்பல் நிறமாயிற்று. தன்னைவிட இருப்புக் கொள்ளாத ஒன்றைத் துள்ளி அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

ஓட்டமாக ஓடி வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா, குளத்துக்குள்ள இப்ப வானம் இருக்கு. முன்னாடி இல்ல. காலையில ஒரே ஒரு தடவை வந்து பாரு."

அம்மா மாட்டேன் என்றாள். துள்ளி நச்சரித்தாள். அம்மா கதவைச் சாத்தினாள். துள்ளி கதவுக்கு வெளியே நின்று நச்சரித்தாள். கடைசியில், மத்தியானம் வரைதான், அதற்குப் பிறகு நூலகத்துக்குப் போன் செய்துவிடுவேன் என்ற நிபந்தனையோடு அம்மா ஒப்புக்கொண்டாள். இவளோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்ட யாரால் முடியும்?

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் குளத்தை நெருங்கியபோது, வெட்டிய கிளை பழைய இடத்திலேயே தண்ணீருக்குமேல் குனிந்து நின்றது. அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். கிளைக்குக் கீழே தோட்டக்காரர் இருந்தார். முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி, கிளையைத் தோளில் சாய்த்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கிளை கனத்தது. கைகள் நடுங்கின. மூக்கின்மேல் ஓர் இலை ஒட்டியிருந்தது.

"நீங்க வரைங்கம்மா" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "எவ்வளவு நேரமானாலும் பிடிச்சுக்கறேன்."

அம்மா துள்ளியைத் திரும்பிப் பார்த்தாள். துள்ளி வானத்தைப் பார்த்தாள். அம்மாவுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு சிரிப்பு வந்தது. முந்தின நாளிலிருந்து அடக்கி வைத்த அழுகையெல்லாம் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, கிளையைப் போட்டுட்டு மேல வாங்க, சளி பிடிச்சுக்கும்" என்றாள்.

தோட்டக்காரர் கிளையைக் கரையில் எறிந்துவிட்டு ஒரு காலை எடுத்து வைத்தார். அவரைச் சுற்றி வட்டம் வட்டமாக அலை கிளம்பியது. ஒவ்வொரு அலையின் மேலும் காலை வெயில் ஏறியது. நீலம் உடைந்து மஞ்சளானது, மஞ்சள் உடைந்து ஊதாவானது. அம்மாவின் சிரிப்பு நின்றது. கண்ணை எடுக்காமலே அவள் கை வண்ணப்பெட்டியைத் தேடியது.

"அண்ணே, நில்லுங்க. அங்கேயே நில்லுங்க."

"அசையாம நிக்கணுமாம்மா?"

"இல்ல. அசைங்க. நல்லா அசைங்க."

தோட்டக்காரர் குழம்பிப்போனாலும் அசைந்தார். அம்மா பெரிய கான்வாஸின் கீழ்ப்பாதியில் சரசரவென்று வரைந்தாள். மேகம் ஒன்று சூரியனை மறைத்தது. தண்ணீர் முழுவதும் ஒரே நொடியில் ஈயம்போல ஆகிவிட்டது. "போச்சு" என்றாள் அம்மா. கொஞ்சம் காத்திருந்தாள். மேகம் விலகியது, ஆனால் வந்தது வேறு வெளிச்சம். வரைந்ததைச் சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். பாதி வரைவதற்குள் காற்று வந்தது. "போச்சு." மறுபடி சுரண்டல். பழைய குளத்தில் இலைகள் மூடியிருந்ததால் வெளிச்சம் மெல்ல மெல்லத்தான் மாறும். இந்தப் புதுக் குளமோ யாருக்காகவும் நிற்பதாக இல்லை. அம்மா நல்லதைக் கண்ணால் பார்க்கிறாள், கையால் பிடிக்க முடியவில்லை. அதைவிடக் கொடுமை வரைகிறவர்களுக்கு வேறு இல்லை.

துள்ளி குடைக்குக் கீழே நெருப்பின்மேல் நிற்பது மாதிரி நின்றாள். இது ஓடுகிற குளம். ஓடுகிறதை நில் என்றால் நிற்குமா? அவளுக்குத் தெரியாதா? அவளையே எத்தனை பேர் எத்தனை தடவை நில் என்று சொல்லியிருக்கிறார்கள்.

குடையைக் கீழே போட்டாள். பைக்குள் கையை விட்டாள். நிறம் கலந்து பார்ப்பதற்காக அம்மா அலுவலகத்திலிருந்து கொண்டுவந்திருந்த சோப்பு டப்பா அட்டைகள் ஒரு கட்டு இருந்தன. ஒரு பக்கம் சிரிக்கிற பூ. மறுபக்கம் வெறும் வெள்ளை. ஸ்டாண்டிலிருந்து பெரிய கான்வாஸைத் தூக்கிப் புல்லில் சாய்த்துவிட்டு, ஓர் அட்டையை வெள்ளைப் பக்கம் தெரியும்படி அங்கே செருகினாள்.

"ஏய், என்னடி பண்றே?"

"போனா போகட்டும்மா. அது போறதுக்குள்ள இதுல போட்டுடு. அடுத்தது வந்தா அடுத்த அட்டை. ஒரே படத்துல எல்லாத்தையும் ஏன் அடைக்கறே?"

அம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். பதில் சொல்ல நேரமில்லை. தண்ணீரில் அப்போதுதான் ஒரு பொன்னிறக் கோடு ஓடத் தொடங்கியிருந்தது. தூரிகையை எடுத்தாள். நாலு இழுப்பு, பத்துப் பதினைந்து திட்டு. கோடு மறைந்தது.

"போச்சு."

துள்ளி அட்டையை உருவினாள், புதியதைச் செருகினாள், ஈரமானதை ஓடிப்போய் மரநிழலில் பரப்பினாள், திரும்பி ஓடி வந்தாள்.

"போச்சு."

அடுத்த அட்டை.

இப்படியே போயிற்று. மேகம் வந்தால் ஒன்று, காற்று வந்தால் ஒன்று, ஒரு தவளை குதித்ததற்கு ஒன்று. அம்மாவின் 'போச்சு' கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வந்தது. முதலில் துக்கமாக இருந்தது. பிறகு அவசரமாக இருந்தது. வெயில் உச்சிக்கு ஏறியபோது பாட்டு மாதிரி வந்தது. துள்ளியின் கால்களுக்கு அன்றைக்குத்தான் அவற்றுக்கு ஏற்ற வேலை கிடைத்தது. ஓடாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. அசைந்து அசைந்து களைத்துப்போன தோட்டக்காரர் கரையேறி, எறும்பு ஊராமல் அட்டைகளுக்குக் காவல் உட்கார்ந்தார். தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்று துள்ளி சொன்னது நினைவுக்கு வர, அவ்வப்போது எழுந்து பின்பக்கமாக நடந்து பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

மத்தியானம் அம்மா நூலகருக்குப் போன் செய்தாள். படம் தயார், ஆனால் ஒரு படம் இல்லை, நிறைய இருக்கின்றன என்றாள்.

"ஆணி ஒண்ணுதானேம்மா அடிச்சிருக்கு" என்றார் நூலகர்.

அந்தச் சிக்கலை அப்பா தீர்த்தார். கட்டிலுக்கு அடியில் கிடந்த பெரிய பலகையை இழுத்துத் தூசி தட்டினார். காய்ந்த அட்டைகளை மூன்று பேரும் அதில் வரிசையாக ஒட்டினார்கள். இடது ஓரத்தில் விடியல், வலது ஓரத்தில் உச்சிவெயில். எது முதலில், எது அடுத்தது என்பதைத் துள்ளிதான் சொன்னாள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடியவள் அவள்தானே. ஓர் அட்டையை மட்டும் அம்மா வேண்டாம் என்று ஒதுக்கினாள். துள்ளி அதை எடுத்து, அம்மா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஒட்டிவிட்டாள்.

சனிக்கிழமை வாசிப்பு அறை நிறைந்திருந்தது. ஜனங்கள் அமைதியாக உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றுதான் நூலகர் குளத்துப் படம் கேட்டிருந்தார். ஆனால் ஒருவரும் உட்காரவில்லை. விடியலிலிருந்து உச்சிவெயிலுக்கும், உச்சிவெயிலிலிருந்து விடியலுக்கும் நடந்துகொண்டே இருந்தார்கள். புது நாற்காலிகள் சும்மா கிடந்தன. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தோட்டக்காரர் வந்தார். பின்னால் அவர் மனைவி. அவளுக்குப் பின்னால், நான் எதற்கும் அசருகிற ஆள் இல்லை என்று முகத்தில் எழுதி ஒட்டிய மாதிரி, மனைவியின் அண்ணன். அந்த அண்ணன் நேராகப் போய்ப் பலகையில் மூக்கை வைத்தார்.

"என்ன மாப்பிள்ளை, ஒரே திட்டுத் திட்டா இருக்கு?"

"தள்ளி வாங்க மச்சான்" என்று தோட்டக்காரர் அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "இதைக் கிட்ட நின்னு பார்க்கக் கூடாது."

மச்சான் பின்னால் வந்தார். அவர் வாய் லேசாகத் திறந்தது. தோட்டக்காரரின் மனைவி வாசலிலிருந்து நகரவே இல்லை. அங்கே நின்றபடியே ஒவ்வொரு அட்டையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். துள்ளி திருட்டுத்தனமாக ஒட்டிய அட்டை வந்ததும் நிறுத்தினாள். மஞ்சள் அலைகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் இரண்டு இழுப்பு.

"அது உங்க முழங்காலு" என்றாள் கணவரிடம். "எங்க பார்த்தாலும் எனக்குத் தெரியும்."

துள்ளி தன்னை மறந்து கைதட்டினாள். தோட்டக்காரருக்குக் காது வரை சிவந்துவிட்டது. மனைவி இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் நீங்க வேலைக்குப் போறது இங்கேயா?" என்று மெதுவாகக் கேட்டாள். "இவ்வளவு வெளிச்சத்துலயா?"

தோட்டக்காரர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"குளத்தை அண்ணன்தான் சுத்தம் பண்ணினார்" என்றாள், மச்சானுக்கும் கேட்கும்படி. "அவர் இலையை எடுக்கலைன்னா உள்ளே இருந்த வானம் எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

திங்கட்கிழமை காலை யாரோ வீட்டுக் கதவைத் தட்டினார்கள். துள்ளி திறந்தாள். தோட்டக்காரர் துடைப்பத்தோடு நின்றிருந்தார். ராத்திரிக் காற்றில் குளக்கரை மரத்திலிருந்து மஞ்சள் இலை நிறையக் கொட்டியிருக்கிறது, கரையிலும் கிடக்கிறது, தண்ணீரிலும் கிடக்கிறது, கூட்டட்டுமா வேண்டாமா என்று கேட்டுவிட்டுப் போக வந்தேன் என்றார்.

துள்ளி ஒற்றைக் காலில் நின்று யோசித்தாள்.

"கரையில கிடக்கறதைக் கூட்டிடுங்க மாமா" என்றாள். "தண்ணியில கிடக்கறதை நாங்க வந்து பார்த்துட்டுச் சொல்றோம்."

சொல்லிவிட்டு, அம்மாவை எழுப்ப உள்ளே ஓடினாள்.